நாற்பத்து மூன்று பிள்ளைகளின் அப்பா

"மேடம், நம்ம கறாருக்கு நாற்பத்து மூணு பிள்ளைங்க!"

புரோகிராமர் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னதும், குழந்தைகள் நூலகத்தின் மேலாளர் அம்மாவுக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது.

"கவுன்ட்டர்ல இருக்காரே, அவருக்கா? அவருக்குக் கல்யாணமே ஆகலையே!"

"அதான் மேடம், எனக்கும் தூக்கிவாரிப் போட்டுது."

விஷயம் இதுதான். யாரோ போலி கார்டு வாங்குகிறார்கள் என்று நூலகக் கமிட்டிக்கு ஒரு சந்தேகம். ஒரு அப்பா பெயரில் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் கார்டு தரக்கூடாது என்று டேட்டாபேஸிலேயே பூட்டுப் போடச் சொல்லிவிட்டார்கள். காலையில் புரோகிராமர் போட்டுப் பார்த்தால், பழைய பதிவுகள் இந்த விதியை மீறுகின்றன என்று அது முரண்டு பிடித்தது. யார் அந்தப் புண்ணியவான் என்று தேடினால், கவுன்ட்டர் கிளார்க்!

பழைய நாற்பத்து மூன்றை அப்படியே விட்டு, இனி வருகிறவர்களுக்கு மட்டும் என்று பூட்டைப் போட்டு முடித்த கையோடுதான் இந்த ஓட்டம்.

புத்தகம் ஒரு நாள் தாமதமானால் மேலாளருக்கே அடுத்த புத்தகம் தராத மனுஷன் அந்த கிளார்க். அதனால்தான் 'கறார்' என்ற பட்டம். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று கேட்கிற முகம் வேறு.

கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"இதெல்லாம் யாரு?" மேலாளர் பட்டியலை நீட்டினார்.

"பிள்ளைங்க மேடம்."

"யாரோட பிள்ளைங்க?"

"அதுல என் பேருதானே போட்டிருக்கு."

புரோகிராமருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஒரே வருஷத்துல பதினாலு பிறந்திருக்கு சார்! அதுவும் பதினாலு அம்மாவுக்கு!"

"நீங்க சும்மா இருங்க," என்று அவரை அடக்கிவிட்டு மேலாளர் திரும்பினார். "வேண்டியவங்களுக்குப் போலி கார்டு போட்டுக் கொடுத்தீங்களா?"

"போலி இல்லை மேடம். எல்லாப் பிள்ளைங்களும் வந்து படிக்குதுங்க."

"அப்புறம் ஏன் உங்க பேரு?"

கறார் பட்டியலைத் திருப்பி மேஜை மேல் வைத்தார். "அதை மட்டும் கேக்காதீங்க மேடம்."

"நாளைக்குள்ள எழுத்துல விளக்கம் வரணும். இல்லைன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்லை. அதுவரைக்கும் கவுன்ட்டர்ல உட்காராதீங்க."

"அப்ப கவுன்ட்டரை யாரு மேடம் பார்ப்பாங்க?" என்றார் புரோகிராமர்.

"கண்டுபிடிச்சவர் நீங்கதானே? நீங்களே பாருங்க."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தோமே என்று நொந்துகொண்டே போய் உட்கார்ந்தார். கறார் பக்கத்து அலமாரியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

கவுன்ட்டரில் இரண்டு திரைகள். ஒன்று உள்ளே இருப்பவருக்கு, ஒன்று எதிரே நிற்பவருக்கு. பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் அவர்களே பார்த்துச் சொல்லட்டும் என்று புரோகிராமர்தான் வைத்தார். தப்பு நடந்தால் வரும் செய்திகளையும் அவரே பெரிய சிவப்பு எழுத்தில், கட்டத்துக்குள் அடங்கும்படி சுருக்கி எழுதியிருந்தார். குழந்தைக்குக்கூடப் புரியும் என்று அதில் அவருக்குப் பெருமை உண்டு.

ஒரு அம்மாவும் ஏழு வயதுப் பெண்ணும் வந்தார்கள். கார்டு வாங்குவதற்கு முன்பே அந்தக் குட்டி ஒரு புத்தகத்தை எடுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். பெயர், வயது, முகவரி எல்லாம் மளமளவென்று முடிந்தது.

"அப்பா பேரு?"

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "அது வேணும்ங்களா?"

"பரவாயில்லைம்மா, விட்டுடலாம்," என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு பட்டனை அழுத்தினார். நாலு வருஷத்துக்கு முன்னால் தானே எழுதிய விதி அவருக்கே மறந்துபோயிருந்தது.

டொய்ங்!

எதிர்த் திரையில் சிவப்பாக வந்ததைக் குட்டி விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "தந்தை... இல்லை. ஏற்க... முடியாது."

புத்தகத்தை மெதுவாக கவுன்ட்டரில் வைத்தாள். "வாம்மா, போலாம். என்னை ஏத்துக்க மாட்டாங்களாம்."

புரோகிராமருக்கு முகம் செத்துப்போனது. கறாரைத் திரும்பிப் பார்த்தார்.

கறார் கிட்டே வந்து மெல்லச் சொன்னார். "முதல்ல வந்த பிள்ளை இப்படித்தான் சார் படிச்சிட்டு அழுதுட்டே போச்சு. கமிட்டிக்கு மூணு தடவை எழுதிப் போட்டேன், பதிலே இல்லை. அதுக்கப்புறம் அந்த அம்மாக்கள்கிட்ட கேட்டுட்டு என் பேரையே போட ஆரம்பிச்சேன். வெளியே சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

புரோகிராமர் அவசரமாகக் கறார் பெயரை அடித்தார்.

டொய்ங்! 'பத்துப் பிள்ளைகளுக்கு மேல் கூடாது.'

காலையில் போட்ட பூட்டு கன கச்சிதமாக வேலை செய்தது. குட்டி அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள்.

"பாப்பா, நில்லும்மா! தப்பு கம்ப்யூட்டர் மேல, உன் மேல இல்லை!" என்று கத்தியவர், அந்த அம்மாவிடம் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். புரோகிராமர் தன் பெயரை அடித்தார். சத்தமே வரவில்லை. கார்டு வந்தது.

குட்டி புத்தகத்தோடு துள்ளிக்கொண்டு போனதும், "மேடத்துக்கு விளக்கம் நானே எழுதறேன் சார்," என்றார் புரோகிராமர்.

"அதை மெதுவா எழுதலாம்," என்று கறார் அவர் காதருகே குனிந்தார். "வெளியே இன்னும் ரெண்டு பேர் நிக்கிறாங்க. உங்க பேருல ஒன்பது பாக்கி இருக்கு."