ஸோஃபுக்கு அடுத்துதான் எல்லாரும்

"ஸோஃபை விட்டுட்டு வேற யார் பேரையாவது முதல்ல சொன்னார்னா, அந்த நிமிஷமே கையை எடுத்துடுங்க டாக்டர். அப்ப பேசுறது என் வீட்டுக்காரர் இல்லை."

ரயில்வே டிக்கெட் பரிசோதகரின் மனைவி இதைக் கண்ணீரோடு சொல்லவில்லை. பக்கத்து வீட்டைப் பற்றிப் புகார் கொடுப்பதுபோலச் சொன்னார்.

மூளை அறுவை நிபுணருக்குக் கால்பந்து என்றாலே வேப்பங்காய். ஆனால் வேறு வழியில்லை. பரிசோதகரின் தலைக்குள் வளர்ந்திருந்த கட்டி, பேச்சு குடியிருக்கும் இடத்தை ஒட்டிக் காலை நீட்டிப் படுத்திருந்தது. ஆளை விழிக்க வைத்து, பேசவிட்டுக்கொண்டேதான் அதை எடுக்க வேண்டும். பேச்சு எங்கே தடுமாறுகிறதோ அங்கே கத்தி நிற்க வேண்டும். கட்டி முழுசாக வந்தால் ஆயுள் வருஷக்கணக்கில். மிச்சம் வைத்தால் மாதக்கணக்கில்.

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் மாத்திச் சொல்லாத விஷயம் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டதற்குத்தான் அந்தப் பதில். இத்தாலி கால்பந்து அணியின் தலைசிறந்த கோல்கீப்பர்கள் வரிசை. பரிசோதகருக்கு முதல் இடம் ஸோஃப். மனைவிக்கு பஃபோன். கல்யாணமான வருஷம் தொடங்கிய சண்டை.

"ஒரு தடவை கோவிச்சுக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிட்டேன் டாக்டர். கூப்பிட வந்தார். வாசல்ல நின்னு, 'தப்பு என்மேலதான், வா போகலாம். ஆனா ஸோஃப்தான்'னார்."

"விட்டே கொடுக்க மாட்டாரா?"

"எங்கப்பாவையே டிக்கெட் இல்லைன்னு பாதி வழியில இறக்கிவிட்டவர்."

நிபுணருக்குத் திருப்தி. இப்படியொரு பிடிவாதம் எந்தக் கருவியைவிடவும் நம்பகமானது.

மறுநாள் அறுவை அரங்கில் ஒரு பச்சைத் துணி தொங்கியது. துணிக்கு அந்தப் பக்கம் பரிசோதகரின் முகம். இந்தப் பக்கம் அவருடைய மூளை. முகத்துக்கு நேராக நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். வரிசை முழுவதையும் நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், பாவம்.

"அஞ்சாவது யாருண்ணே?"

"டோல்டோ. பத்துப் பேரோட ஆடின மேட்ச்ல பெனால்டியா தடுத்துத் தள்ளினான்."

"டொன்னரும்மா?"

"சின்னப் பையன். வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கட்டும்."

துணிக்கு இந்தப் பக்கம் நிபுணர் நனைந்த பஞ்சு போன்ற ஒரு துணுக்கை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"நாலாவது?"

"ஸெங்கா. உலகக் கோப்பையில அஞ்சு மேட்ச், ஒரு கோல் விடல தங்கச்சி. ஆறாவதுல ஒரே ஒரு தடவை இடத்தை விட்டு வெளிய ஓடி வந்தான். அதோட சரி."

"மூணாவது காம்பியா?"

"அவரேதான். கறுப்பு வெள்ளை போட்டோவுல இருப்பார். நான் பார்த்ததில்லை. எங்கப்பாவும் பார்த்ததில்லை. ஆனா மூணாவதுதான்."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. நிபுணருக்கு வரவில்லை. முக்கால்வாசிக் கட்டி தட்டுக்கு வந்துவிட்டது. மிச்சம், பேச்சின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. லேசான மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி முனையை அங்கே வைத்துவிட்டு நர்ஸுக்குத் தலையசைத்தார்.

"ரெண்டாவது யாருண்ணே?"

பரிசோதகர் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார்.

"அண்ணே?"

"ஸோஃப்."

நர்ஸ் நிமிர்ந்தாள். "அப்ப... முதல்ல?"

"பஃபோன்."

நிபுணர் கம்பியை எடுத்தார். மறுபடியும் கேட்கச் சொன்னார்.

"பஃபோன்தான்மா. அவனை மிஞ்ச ஆளே கிடையாது."

சொல்லும்போதே அவருடைய கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. நர்ஸ் அதைச் சைகையில் காட்டினாள். கம்பியை எடுத்த பிறகும் பதில் திரும்பவில்லை. காரணமில்லாமல் அழுகை வேறு. நிபுணர் கத்தியைத் தட்டில் வைத்தார்.

"போதும். தூங்க வைங்க, மூடிடலாம்."

அடுத்த நாள் வார்டுக்கு வெளியே, மனைவியிடம் தணிந்த குரலில் சொன்னார்: "கொஞ்சம் மிச்சம் வெச்சுட்டேன்மா. அதையும் தொட்டிருந்தா ஆள் இருப்பார், பேச்சு இருக்காது. நீங்க சொன்ன அடையாளம்தான் காப்பாத்திச்சு."

"திரும்ப ஒரு தடவை...?"

"அவர் உடம்பு தாங்காது."

"எவ்வளவு நாள் டாக்டர்?"

"அடுத்த வருஷத்தைப் பத்தி இப்ப யோசிக்க வேண்டாம்."

அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேச்சாவது இருக்கே. அவர்கிட்ட இதைச் சொல்லாதீங்க."

உள்ளே போனார்கள். பரிசோதகர் தலைக்கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி தண்ணீர் ஊற்றப் போனார்.

"முதல் இடம் யாருக்கு?" என்றார் நிபுணர், பயந்துகொண்டே.

"ஸோஃப். இதுல என்ன சந்தேகம்?" டிக்கெட் கேட்கும் அதே குரல்.

நிபுணருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்பாடா! நேத்து ஒரு கட்டத்துல உங்க மூளை தடுமாறிடுச்சு. பஃபோன்னு சொன்னீங்க."

"தடுமாறலையே! தெரிஞ்சுதான் சொன்னேன்" என்று பரிசோதகர் குரலைத் தாழ்த்தினார். மனைவியின் கையில் சொம்பு அப்படியே நின்றது. "இதுதான் கடைசிப் பேச்சுன்னு தோணிச்சு டாக்டர். கூட வாழ்ந்தவளுக்குப் போறப்பவாவது ஒரு தடவை விட்டுக்கொடுப்போமேன்னு இடத்தை விட்டு வெளிய வந்தேன். அதான் முழுசா பொழைச்சுட்டேனே, இனிமே எதுக்கு?"