பங்குதாரர் நேரில் வரவேண்டும்

"டாக்டர், கொஞ்சம் இங்க வாங்க. ரத்தம் நிக்கல."

பண்ணையின் மறுகோடியிலிருந்து குரல்.

கேரட் பாத்தியில் குந்தியிருந்தவள் நிமிரவில்லை. கூப்பிடுவது தன்னைத்தான் என்று அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் 'டாக்டர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவள் டாக்டர் வீட்டில் சமையல் செய்பவள்.

நிஜ டாக்டர் இந்நேரம் ஏசியைப் பதினெட்டில் வைத்து இழுத்துப் போர்த்தியிருப்பார். தோல் டாக்டர். வெயில் ஆகாது.

ஆனால் விவசாயியைக் காப்பாற்றுவது ஆகும். அதற்காகத்தான் இந்தச் சின்னப் பண்ணையில் பங்கு வாங்கியிருந்தார். விதைக்கும் முன்பே பருவம் முழுதுக்கும் பணம். வாரா வாரம் வாசலில் ஒரு கூடை காய். விளைந்தால் எல்லோருக்கும், விளையாவிட்டால் எவருக்கும் இல்லை. கேட்கும்போதே புல்லரிக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. பருவத்துக்கு ஒரு நாள் பங்குதாரர் நேரில் வந்து களை எடுக்க வேண்டும். வராதவருக்குப் பங்கு கிடையாது.

பங்கு போனால் போகிறது. வாட்ஸ்அப் குரூப்பில் மானம் போய்விடுமே. 'மண்ணே என் மருந்து' என்று தினம் ஒரு முள்ளங்கிப் படம் போடுகிறவர் டாக்டர்.

"என் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் போட்டுக்கோ. வாயைத் திறக்காதே. மாட்டிக்கிட்டா நாளையிலேர்ந்து வேற வீடு பாத்துக்கோ" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்த வீட்டு அடுப்பு எரிந்தால்தான் இவள் வீட்டு அடுப்பு எரியும்.

எழுந்து போனாள். கூட்டம் மரியாதையாக வழிவிட்டது.

விரலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அட்டையில் 'ஆடிட்டர்'. அரிவாள் கீறியிருந்தது. காய் நறுக்குகிறவளுக்கு இது ஒரு காயமா? தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கைக்குட்டையைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். கையை மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னாள்.

தப்பித்தோம் என்று மூச்சு விடுவதற்குள் 'பேராசிரியர்' அட்டை குத்தியிருந்தவர் வாயைத் திறந்தார்.

"ஊசி போடணுங்களா டாக்டர்?"

எல்லார் கண்ணும் அவள் மேல்.

"போடறது நல்லது. போட்டுட்டா கவலையில்ல. எதுக்கும் பாத்துக்குவோம்" என்றாள்.

எல்லோரும் தலையாட்டினார்கள். டாக்டர் வாங்குகிற பீஸுக்கு இதைவிட ஒரு வார்த்தை கூடச் சொன்னதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"வண்டி ஓட்டலாங்களா மேடம்?" ஆடிட்டர் தயங்கினார். "சாயங்காலம் எங்க ஆடிட்டர் சாரை ஏர்போர்ட்டுல..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் கண்ணும் இவள் கறுப்புக் கண்ணாடியும் சந்தித்துக்கொண்டன.

அவள் மெல்லச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

வக்கீலம்மா எல்லார் டீ டம்ளரையும் யாரும் சொல்லாமலே கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் காலையிலிருந்து வாசலில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து சல்யூட் வைக்கப் போய், கையைத் தலை சொறிகிற மாதிரி மாற்றிக்கொண்டிருந்தார்.

பாத்திகள் ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கின்றன என்று இப்போது புரிந்தது. சேறு படிந்த கைகளை மட்டும் நெருக்கத்தில் எடுத்த படங்கள் ஊருக்குள் ஒவ்வொரு படுக்கையறைக்கும் போய், அங்கிருந்து குரூப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. 'என் கை, என் மண்.'

சிரிப்பு முட்டியது. அடக்கினாள். காரணம், பண்ணைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முகம் மறைய இழுத்துவிட்ட பெரிய ஓலைத் தொப்பி. கழுத்தில் துண்டு. குரூப்பில் வரும் படத்தில் இருக்கிற அதே கோலம். காலையிலிருந்து வாய் திறக்காமல் பாத்தி பாத்தியாக நடந்துகொண்டே இருந்தார். பேசாத ஆளை நம்பக்கூடாது என்று அவள் அவர் மேல் ஒரு கண் வைத்தபடி தள்ளியே உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டரம்மா. ஒரு நிமிஷம், தனியா வர முடியுமா?"

முடிந்தது. நாளையிலிருந்து வேறு வீடு.

மோட்டார் அறைக்குப் பின்னால் போனதும் அவர் தொப்பியைக் கழற்றினார். படத்தில் பார்த்த முகம் இல்லை.

"காலையிலேர்ந்து என்னையே முறைச்சிட்டிருந்தீங்க. கண்டுபிடிச்சிட்டீங்கன்னு தெரியும்" என்றான் அவன். "நான் பண்ணைக்காரர் இல்லைங்க. அவர் மச்சினன். முடிவெட்டற கடை வெச்சிருக்கேன். மத்தவங்களுக்குத் தெரிஞ்சா பங்கை வாபஸ் வாங்கிடுவாங்க. நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்."

அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. "அவர் எங்கே?"

"நீங்க எல்லாரும் குடுக்கறது விதைக்கும் கூலிக்குமே சரியாப் போயிடுது. மாமா டவுன்ல சூப்பர்மார்க்கெட்டுல வேலைக்குப் போறாரு. காய்கறி அடுக்கற வேலை. ஞாயித்துக்கிழமைதான் கூட்டம், லீவு தர மாட்டான்."

அவள் கறுப்புக் கண்ணாடியை மூக்கில் இன்னும் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா." அவன் தொப்பியை விரலால் சுற்றினான். "டாக்டர் வீட்டுக்குன்னு சொல்லி ஒரு அக்கா வாரா வாரம் அங்க வந்து, கோணல் இல்லாத கேரட்டா பொறுக்கித் தரச் சொல்லுதாம். மாமாதான் பொறுக்கித் தர்றாரு. அப்ப நாம அனுப்பற கூடையை அந்த வீட்டுல யாருதான் திங்கறாங்கன்னு கேட்டுட்டு வாடான்னாரு."

கூடை வந்ததும் டாக்டர் ஒரு படம் எடுப்பார். படம் எடுத்ததும், கோணல் கேரட்டும் ஓட்டைக் கீரையும் மொத்தமாக அவள் பைக்குள் போகும்.

"நான்தான்" என்றாள்.

காலையிலிருந்து அந்தப் பண்ணையில் ஒரு பங்குதாரர் சொன்ன ஒரே உண்மை அது.