கோணல் முள்

1968. உமாபதி தாளிக்கும் நெடி தாங்காமல், "திருவிழா முடிஞ்சதும் அறையைக் காலி பண்ணு!" என்று கத்திவிட்டார் ஜெர்மனியின் ஆஹென் நகரத்து வீட்டுக்காரர் கெஸ்லர்.

அவரைக் குளிரவைக்க, அங்கே உலோகவியல் படிக்க வந்திருந்த உமாபதிக்கு ஒரு வழி கிடைத்தது. கெஸ்லர் தன் கையாலேயே செய்த, குழல்வாயில் மருந்து திணித்துச் சுடும் துப்பாக்கியில் குறிபார்க்கும் முள் கோணலாக இருந்தது. அவர் இல்லாத நேரம் பார்த்து அதைச் சூடுகாட்டிக் கழற்றி, நூல் பிடித்ததுபோல் நேராக ஈயப்பற்று வைத்தான்.

திருவிழாவின் துப்பாக்கி சுடும் போட்டியில் கெஸ்லர் சுட்டார். கம்பத்து உச்சியிலிருந்த மரப்பறவை பொத்தென்று விழுந்தது.

"பறவையை வீழ்த்தின கெஸ்லர்தான் இந்த வருஷத் திருவிழா ராஜா!" என்று ஊரே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது.

"முள்ளை நேராக்கினது நான்தான், ஹெர் கெஸ்லர்!" என்று நெஞ்சை நிமிர்த்தினான் உமாபதி.

"அடப்பாவி! ராஜா ஆனவன் ஊருக்கே பீர் வாங்கித் தரணும். அதுக்குப் பயந்துதானேடா கோணலா வச்சேன்!"