சூரியனுக்கு முதுகு

சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆசனம் சொல்லித் தரும் ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நயா பைசா வந்த வருஷம், மகாபலிபுரத்துக் கடற்கரையில் ஒருவர் இருந்தார். தபாலாபீஸ் முத்துசாமி.

சித்திரை வரைக்கும் அவரும் ஒழுங்காகத்தான் இருந்தார். விடியற்காலையில் எல்லோரும் கோரைப் பாயை விரித்துக் கிழக்கே பார்த்து உட்காருவார்கள். கை மேலே போவதும் தெரியாது, இறங்குவதும் தெரியாது. அத்தனை மெதுவாக. மூச்சு எது, அலை எது என்றே தெரியாத ஒரு மயக்கம் வரும். அந்த நேரம் பார்த்துக் கடலுக்குள்ளிருந்து சூரியன் எழும்பும்.

அதற்காகவே வருகிறவர் தனகோடி. மனைவி போனதிலிருந்து தூக்கம் இல்லாத மனுஷன். அந்தச் சிவப்பைப் பார்த்தபடி குனிந்து நிமிர்ந்தால்தான் அவருக்கு அன்றைய பொழுது ஓடும்.

வைகாசியில் முத்துசாமி திடீரென்று எல்லோரையும் மேற்கே திருப்பிவிட்டார். எதிரே வெறும் சவுக்குத் தோப்பு.

"இன்னா வாத்யாரே? சூரியன் அங்க கீது, நாம இங்க பாத்துகினு கீறோம்?" என்றார் தனகோடி.

"பாய்க்காகத்தான், அண்ணாத்த."

காற்றில் பாய் சுருட்டிக்கொள்கிறது, அதைத்தான் சொல்கிறார் என்று தனகோடி புரிந்துகொண்டார். மறுநாள் ஒரு கோணி நிறையக் கருங்கல் துண்டுகளைச் சுமந்து வந்து, எல்லோருடைய பாய் மூலையிலும் வைத்தார்.

"இனிமே புயலே வந்தாலும் பாய் நவுராது. திரும்பலாமா?"

முத்துசாமி மணலைப் பார்த்தார். "மேற்காலயே இருக்கட்டும்."

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த தனகோடிக்கு ஒருநாள் பற்றிக்கொண்டு வந்தது. யாரும் வருவதற்கு முன்னால் முத்துசாமி மட்டும் கிழக்கே பார்த்து நிற்பதை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்.

"உனக்கு மட்டும் சூரியன் வோணும், எங்களுக்கு வோணாமா? நாளைலருந்து நாங்க கோயிலாண்ட தனியாப் பண்ணிக்கிறோம். எல்லாரும் என்கூட வராங்க."

முத்துசாமி அவர் கையைப் பிடித்துக் கொஞ்ச தூரம் அழைத்துப் போனார்.

"நான் சொன்னது கோரைப் பாயை இல்ல, அண்ணாத்த. அந்தப் பாயை."

கடைசி வரிசையில் கயிற்றுக் கடை நூர்முகமது கண்ணை மூடிப் படுத்திருந்தார். வைகாசியில் வந்து சேர்ந்தவர். இழுப்புக்காரர். வந்த புதிதில் அவர் மூச்சு இழுப்பது அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்கும். இப்போது மார்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டரு மூச்சுப் பயிற்சி பண்ணியே ஆவணும்னுட்டாரு. ஆனா சூரியன் முன்னாடி குனியறது அவுங்க மார்க்கத்துல கிடையாது. நான் வரலன்னு பாய் சொல்லிட்டாரு. அதான் திருப்பிட்டேன்."

தனகோடி கடலைப் பார்த்தார். சூரியன் பாதி எழும்பியிருந்தது. பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

"அப்ப அவரை மட்டும் மேற்கால திருப்பி வுடேன். நாங்க எல்லாரும் ஏன் திரும்பணும்?"

"அவரு ஒருத்தர் மட்டும் திரும்பி நின்னா, ஏன்னு நாலு பேரு கேப்பாங்க. மறுநாள் அவரு வர மாட்டாரு, அண்ணாத்த."

தனகோடி போய்த் தன் பாயை எடுத்து வந்து, நூர்முகமதுவின் பக்கத்தில் விரித்து, மேற்கே பார்த்து உட்கார்ந்தார்.