வீட்டுக் காற்று

கருவாடு பொரித்தால் போதும், சுவரில் இருக்கும் வாயுமானி கூச்சல் போட்டு, ஐந்து நிமிடத்தில் அடுப்பைப் பூட்டிவிடும். யாகப்பருக்கு நாக்கு செத்தே போயிருந்தது.

அளவு திருத்த வந்த செல்டன் மானியைக் கழற்றியதும் பூட்டு விட்டது.

“சலேத்து, அடுப்பு தெறந்துட்டு! சீலாக் கருவாட்டப் போடு,” என்று மனைவியை விரட்டினார்.

“சுத்தமான காத்துலதான் மானிக்குப் பூஜ்யம் வைக்கணும், தாத்தா. அப்ப இருக்குற காத்தத்தான் அது நல்ல காத்துன்னு எடுத்துக்கும்,” என்றான் செல்டன்.

“எங்க வீட்டுக் காத்துக்கு என்னல கொறச்சல்? மோந்து பாரு.”

கடற்கரையில் பிறந்த செல்டன் பொரியும் கருவாட்டின் மணத்தை மூக்கு விரிய இழுத்தான். “ஒரு கொறையும் இல்ல,” என்று அந்தக் காற்றிலேயே பூஜ்யப் பொத்தானை அமுக்கி, மானியைச் சுவரில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

மறுநாள் விடிந்ததும் மானி அலறியது: “காற்றில் கோளாறு!” அது அடுப்பைப் பூட்டுவதற்குள் சலேத்து கருவாட்டை எண்ணெயில் போட்ட பிறகுதான் அடங்கியது.

“மிஷினே கேக்குது, நான் என்னத்தச் செய்ய?” என்று யாகப்பர் தட்டோடு வந்தார்.