முதல் தீர்மானம்

குளத்தங்கரையில் புதிதாக ஓர் ஊர் பிரிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. காகம் தலைவர், ஆமை எழுத்தர். ஊருக்கு வந்த முதல் மனு எறும்பினுடையது. மழை பெய்தால் புற்றுக்குள் தண்ணீர் ஏறிவிடும், அருகில் ஒரு வாய்க்கால் வெட்டித் தர வேண்டும் என்று அது கேட்டிருந்தது.

“அரை நாள் வேலை. இப்பவே நாலு பேரைக் கூப்பிட்டு முடிச்சிடலாமே,” என்றது காகம்.

“ஏழு நாள் முன்னால நோட்டீஸ் ஒட்டித்தான் கூட்டம் போடணும், தலைவரே. நம்ம ஊரோட முதல் தீர்மானம். நாளைக்கு யாரும் குத்தம் சொல்லிடக் கூடாது.”

“உமக்கு ஓடு மட்டும்தான் கனம்னு நெனச்சேன்,” என்று சிரித்துவிட்டுக் காகம் ஒப்புக்கொண்டது.

ஆமை நோட்டீஸ் ஒட்டி, நாள்களை ஒவ்வொன்றாக எண்ணியது. ஆறாம் நாள் மழை கொட்டியது. ஆமைக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது.

எட்டாம் நாள் கூட்டம் கூடி, மறுப்பே இல்லாமல் தீர்மானம் நிறைவேறியது. எறும்பு மட்டும் வரவில்லை. ஆமை தீர்மான நகலை எடுத்துக்கொண்டு போனது.

புற்று இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. ஒரு கல்லின்மேல் எறும்பும் அதன் உறவினர் பதினொருவரும் ஒண்டியிருந்தார்கள். மனுவில் முந்நூற்று நாற்பது பேர் என்று, எறும்பு சொல்லச் சொல்ல, ஆமையே எழுதியிருந்தது.

“தீர்மானம் நிறைவேறிடுச்சும்மா.”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. நீங்களே வாசிங்க.”

ஊர்ப்பெயர், தேதி, வந்தவர் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஆமை தெளிவாக வாசித்தது. ‘வாய்க்காலை உடனடியாக’ என்ற இடத்தில் வாசிப்பதை நிறுத்தியது.

“மேல வாசிங்கய்யா,” என்றது எறும்பு.