மீசைச் சோளமும் சிவப்புத் தாளும்

"நான் அசல் நாட்டுச் சரக்கு" என்று மீசையை முறுக்கியே மேல்கூடையில் இடம்பிடித்திருந்தது மக்காச்சோளம். மரபணு மாற்றிய சரக்குக்குக் கீழ்க்கூடைதான் என்பது அந்தக் கடைச் சட்டம்.

ஒருநாள் சோதனைத்தாள் வந்தது. மாற்றிய மரபணு பட்டால் சிவப்பிலிருந்து நீலமாகிவிடும் தாள் அது.

"அண்ணே, ஒரு சொட்டுச் சாறு கொடுங்க" என்றது தாள்.

சோளம், "அரைச் சொட்டுக்குப் படியாதா?" என்று பேரம் பேசிப் பார்த்துவிட்டு, வேண்டாவெறுப்பாகக் கொடுத்தது. தாள் நீலமானது.

"நேரத்துக்கொரு நிறம் காட்டுற பய, என்னை மாறினவன்னு சொல்றான் பாருங்கப்பா" என்று எகிறியது சோளம். கூடையே சிரித்தது, கத்தரிக்காய் விழுந்து விழுந்து சிரித்தது.

"உங்களைத் தொடுற வரைக்கும் சிவப்பாத்தான் இருந்தேன் அண்ணே" என்றது தாள். "அடுத்து யாரு? என் தம்பி சிவப்பா காத்திருக்கான்."

சிரிப்பு நின்றது. யாரும் கூப்பிடாமலே கத்தரிக்காய் கீழ்க்கூடைக்கு உருண்டு போனது.